காட்டுல யாருக்கு இடம் இருக்கு, அங்க யாரோட கதை ஓடுது

நீங்க கேட்டதை என் பாஷையில ஒருதடவை சொல்லிக்கிறேன். தேசியப் பூங்கான்னாலே கார் வச்சிருக்கவங்க, பெரிய லென்ஸ் வச்சிருக்கவங்க, ரிசார்ட்ல தங்குறவங்க போற இடமாத்தான் இருக்கு, இதுல கல்வி நிகழ்ச்சி, விளக்க மையம், கைடுன்னு வச்சா ஏழைங்க, பழங்குடி மக்கள், பொண்ணுங்க, மாற்றுத்திறனாளிங்க எல்லாருக்கும் அது திறக்குமா, இல்ல எல்லாம் கண்துடைப்பா, வெளிநாட்டுல இதுக்கு என்ன பண்றாங்க? சென்னையில அரசுப் பள்ளி டீச்சரா இருக்கேன், நான் என்ன செய்யலாம்னும் கடைசியில ஒரு வரி போட்டிருந்தீங்க. இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ள யாரு வர்றாங்கங்கிறது ஒண்ணு, வந்தப்புறம் அங்க யாரோட கதையை யாரு சொல்றாங்கங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு கல்வியால பாதிகூட பதில் சொல்ல முடியாது, அது பஸ்ஸு, டிக்கெட்டு, பாத்ரூம் சமாச்சாரம். ரெண்டாவதுதான் எங்க மாதிரி ஆளுங்களோட வேலை. நான் பொள்ளாச்சி பக்கம் பல வருஷமா பள்ளிப் பசங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், உள்ளூர் ஆளுங்களுக்கு கைடு பயிற்சியும் கொடுக்கிறேன், அதனால உதாரணம் பெரும்பாலும் நம்ம பக்கத்து காடாத்தான் வரும்.

விளக்கம்ங்கிறது வந்தவங்களுக்குக் காட்டைப் புரிய வைக்கிற வேலை, அதை நாம ஒரு கட்டடம்னு புரிஞ்சு வச்சிருக்கோம். உள்ள போனா கண்ணாடிப் பெட்டியில பொம்மைப் புலி, சுவத்துல பறவைப் படம், பட்டனை அமுத்தினா யானை பிளிறணும், பாதி நாள் பட்டன் வேலை செய்யாது. இந்தத் துறையில எல்லாரும் படிக்கிற ஆள் ஃப்ரீமன் டில்டன், அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்காக 1957ல ஆறு கொள்கை எழுதினாரு. முதல் கொள்கையே, நீ காட்டுற பொருள் வந்தவனோட சொந்த வாழ்க்கையில எதையாவது தொடலைன்னா நீ சொல்றது செத்த பேச்சுன்னுதான் ஆரம்பிக்குது. இன்னொண்ணு, பசங்களுக்குச் சொல்றது பெரியவங்களுக்குச் சொன்னதை தண்ணி கலந்து கொடுக்கிறதா இருக்கக்கூடாது, அதுக்குத் தனி வழி வேணும்ங்கிறது. முதலாவதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து பாருங்க. ஒரு கட்டடத் தொழிலாளி குடும்பத்தோட வந்து செக்போஸ்ட்ல இறங்கினா அவர் கண்ணுல முதல்ல படுற போர்டு அத்துமீறி நுழைஞ்சா இன்ன சட்டப்படி இன்ன தண்டனைங்கிறதுதான். அந்தப் பூங்கா அவர்கிட்ட பேசின முதல் பேச்சு அது, ரெண்டாவது பேச்சு பிளாஸ்டிக் கொண்டுவந்தா அபராதம். மூணாவதா ஏதாவது நல்லது சொல்லியிருந்தாலும் அது சின்ன எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கும். இதே போர்டு கார்ல வர்றவரை உறுத்தாது, ஏன்னா அது தனக்கு இல்லைன்னு அவருக்குத் தெரியும்.

ஒரு கிளாஸ் எப்படி மாறுதுன்னு சொல்றேன். டாப்ஸ்லிப் பக்கம் மலசர் பழங்குடிச் சமூகத்து ஆள் ஒருத்தர் எங்ககூட வருவாரு, ஸ்கூல் பாதியில விட்டவரு, கோழிகமுத்தி யானை முகாம்ல காவாடியா, அதாவது பாகனுக்கு உதவியாளா இருந்த குடும்பம். அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பசங்களை வச்சு நான் யானை ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும், தழை இத்தனை கிலோ, புல்லு இத்தனை கிலோன்னு கணக்கு சொல்லிட்டு இருந்தேன், முன்வரிசையில ரெண்டு பேர் மட்டும் நோட்ல எழுதுறாங்க, மீதி பேர் புலி வருமான்னு பாத்துட்டு இருக்காங்க. அவரு பேசாம போய் வழியில கிடந்த யானைச் சாணியை ஒரு உருண்டை எடுத்துட்டு வந்து கையாலயே உடைச்சாரு. ச்சீன்னு எல்லாரும் பின்னாடி போனாங்க. மோந்து பாருன்னு நீட்டினாரு, ஒருத்தன் தைரியமா மோந்துட்டு வைக்கோல் வாசனை அடிக்குதுன்னான். அப்புறம் உள்ள இருந்த மூங்கில் நாரை உருவிக் காட்டி, இது நீளமா இருக்கு, பல்லு தேஞ்ச கெழட்டு யானை, சரியா மெல்லலைன்னாரு. பலாக்கொட்டை ஒண்ணு முழுசா கிடைச்சது, இது இங்கயே முளைக்கும், பலா மரத்தை நட்டது யாருன்னு கேட்டாரு. அடுத்த அரைமணி நேரம் கேள்வி நிக்கலை. அதுல ஒரு பொண்ணு, எங்க ஆயா மாட்டுச்சாணியைப் பாத்தே மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லும்னா, அதுவரைக்கும் அவ வாயே திறக்கலை. எட்டாவதோட நிறுத்தினவரு வாத்தியாரா நிக்கிறதை அந்தப் பசங்க பாத்தாங்க பாருங்க, அதுலயும் ஒரு பாடம் இருக்கு, அதை எந்த சிலபஸும் கொடுக்காது.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லணும். ஏழைங்க காட்டுக்கு வர்றதில்லைன்னு நாம பேசுறதே பாதி பொய். பாபநாசத்துக்கு மேல காரையார்ல சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கு, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள. சட்டப்படி அது தேசியப் பூங்கா இல்லதான், ஆனா நம்ம கேள்விக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்குல சனம் வருது, விவசாயக் கூலி, பீடி சுத்துறவங்க, லாரி டிரைவர், கைக்குழந்தையோட பொம்பளைங்க, குடிசை போட்டு நாள்கணக்கா தங்கிப் பொங்கல் வச்சு கெடா வெட்டுறாங்க. தமிழ்நாட்டுல எந்த சஃபாரியிலயும் இவ்வளவு விதமான மக்களைப் பாக்க முடியாது. ஆனா நாம இவங்களை விசிட்டர்னு கணக்குல வைக்கிறதே இல்லை, கூட்டம்னுதான் வைக்கிறோம், குப்பைப் பிரச்சினை, ஆத்துல துணி விடுற பிரச்சினை. அந்தப் பிரச்சினை நிஜம்தான், தாமிரபரணியில பழந்துணி எவ்வளவு சேருதுன்னு நேர்ல பாத்தா வயிறு எரியும். ஆனா அந்த மக்கள்கிட்ட காடு பத்திப் பேச அவங்க தெய்வத்தைவிட நல்ல வழி வேற இருக்கா? அந்தக் கோயில்லயே பட்டவராயன் சந்நிதி இருக்கு. பிராமணனா பொறந்த முத்துப்பட்டன் சக்கிலியர் வீட்டுப் பொண்ணுங்க பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு, மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டு செத்துப்போன கதை, வில்லுப்பாட்டுல ராத்திரி பூரா பாடுவாங்க. பக்தருங்க அவருக்குச் செருப்பு நேந்துக்கிட்டு கட்டுறாங்க, அவரு காட்டுல நடக்கிறதால அது தேயுதுன்னு நம்பிக்கை. சாதியைத் தாண்டின ஒரு கதை, காட்டுல நடந்ததா, காட்டுக்குள்ளயே, கேக்க லட்சம் பேரு உக்காந்திருக்காங்க. வனத்துறைக்காரங்க, தொண்டு நிறுவனத்துக்காரங்க ரெண்டு பேருமே மைக்ல குப்பை போடாதீங்கன்னு சொல்றதோட நின்னுடறது எனக்குப் பெரிய வாய்ப்பைக் கோட்டைவிடுற மாதிரித்தான் படுது. வில்லுப்பாட்டுக் கலைஞருங்களோட உக்காந்து, பட்டன் கதை நடந்த காட்டுல ஓடுற ஆறு இன்னிக்கு எப்படி இருக்குன்னு ஒரு பகுதி சேத்துப் பாடச் சொன்னா எந்தப் பொம்மைப் புலியைவிடவும் அது வேலை செய்யும்.

வால்பாறையும் இப்படித்தான். சுத்தி ஆனைமலை காடு, நடுவுல டீ எஸ்டேட், எஸ்டேட்ல வேலை செய்றவங்கள்ல பெரும்பாலும் தென்மாவட்டங்கள்ல இருந்து தலைமுறைக்கு முன்னாடி கூட்டிட்டு வந்த குடும்பங்க. டூரிஸ்டுக்கு யானை ஒரு போட்டோ, இவங்களுக்கு சாயங்காலம் ரேஷன் வாங்கிட்டு பஸ்ஸு இறங்கி பாடிக்கு, அதாவது எஸ்டேட் குடியிருப்புக்கு நடக்கிறப்ப எதிர்ல நிக்கிற உசிர் பயம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கிற காட்டுயிர் ஆய்வு அமைப்பு ஆளுங்க இங்க செஞ்ச வேலையை நான் விளக்கக் கல்வின்னுதான் சொல்லுவேன், அவங்க அப்படிப் பேர் வைக்கலைன்னாலும். யானைக் கூட்டம் இன்னிக்கு எந்த எஸ்டேட் பக்கம் நிக்குதுன்னு உள்ளூர் கேபிள் டிவியில வரி ஓடவிட்டாங்க, 2011ல இருந்து போனுக்கு எஸ்எம்எஸ், அப்புறம் தூரத்துல இருந்தே தெரியுற மாதிரி கம்பத்துல சிவப்பு லைட்டு, அதை உள்ளூர் ஆளுங்களே தங்கள் போன்ல இருந்து போட்டுவிடலாம். இதுல யானையோட விலங்கியல் பேரு எங்கயும் வராது. இவங்க கேட்ட கேள்வி நான் வீட்டுக்கு எப்படி உசிரோட போறதுங்கிறது, பதிலும் அதுக்குத்தான். அந்தப் பதில் வந்தப்புறம்தான் யானை ஏன் அந்த ஆத்து ஓரமா நடக்குது, அந்தத் துண்டு சோலை ஏன் வேணும்ங்கிற பேச்சுக்கு ஆளுங்க காது கொடுப்பாங்க. ஆர்டரை மாத்திப் பேசினா, அதாவது முதல்ல யானையைக் காப்போம்னு ஆரம்பிச்சா, எங்களைக் காப்பாத்த யாரு இருக்கான்னு எழுந்து போயிடுவாங்க, நியாயம்தானே.

மன்னார் வளைகுடாவுக்கு வாங்க. 1986ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, மண்டபத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவுகளைச் சுத்தி தலைமுறையா கடல்பாசி எடுத்துட்டு இருந்த பொம்பளைங்க ஒரே நாள்ல அத்துமீறுனவங்க ஆயிட்டாங்க. கையில துணியைச் சுத்திக்கிட்டு, சேலைக்கு மேல சட்டையைப் போட்டுக்கிட்டு மூச்சடக்கி முங்குறவங்க, கடலடி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல அவங்களே கூடிப் பேசி மாசத்துல 12 நாள்தான் பாசி எடுக்கிறது, சுரண்டுறதுக்கு இரும்பு வேண்டாம், கையாலதான்னு முடிவு பண்ணாங்க, அதை முன்னெடுத்த லட்சுமிங்கிறவங்களுக்கு தீவுகளைக் காப்பாத்துறவங்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருது 2015ல கிடைச்சது. அந்த ஊர்ப் பொம்பளைங்ககிட்ட பவளப்பாறை பத்தி விழிப்புணர்வு முகாம் நடத்துறதுங்கிறது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு. அவங்களைப் பேச விட்டு, அவங்க சொல்றதை மதுரைக் காலேஜ் பசங்களும் கண்ணாடித்தரைப் படகுல வர்ற டூரிஸ்டும் கேக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணி, அதுக்கு அவங்களுக்குக் கூலியும் கொடுத்தா அது வேற விஷயம்.

கூலிங்கிறது முக்கியம். தேக்கடியில, பெரியாறு புலிகள் காப்பகத்துல, காட்டுக்குள்ள வயணப்பட்டை, அதாவது காட்டு லவங்கப்பட்டை திருடிட்டு இருந்தவங்களையே 90கள் கடைசியில ஒரு குழுவா சேத்து கைடா ஆக்குனாங்க, கேஸ் போட்டுத் துரத்தின ஆளுங்களுக்கே சம்பளம், யூனிஃபார்ம். காட்டோட ஒவ்வொரு மடிப்பும் தெரிஞ்சவங்க அவங்கதான். 2002ல இருந்து வசந்தசேனான்னு உள்ளூர்ப் பொம்பளைங்க காசு வாங்காம முறை வச்சு ரோந்து போறாங்க. நல்ல கதைதான், நானும் பயிற்சியில எப்பவும் சொல்றதுதான், ஆனா ஆம்பளைங்க செஞ்சதுக்கு வருமானம், பொம்பளைங்க செஞ்சதுக்குப் பாராட்டுங்கிறது எனக்கு உறுத்தும், அதையும் சேத்தே சொல்றது. நம்ம பக்கம் 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 14 மாவட்டத்துல 40 மலையேற்றப் பாதை திறந்தாங்க, பழங்குடி இளைஞருங்களுக்குப் பயிற்சி கொடுத்து கைடா போட்டாங்க. அது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. அதே நேரம் சில பாதைக்குக் கட்டணம் ஆயிரங்கள்ல இருக்கு. சொல்றவங்க உள்ள வந்துட்டாங்க, கேக்கிறவங்க பழையபடி அதே ஆளுங்கதான். முழுசா வேணும்னா ரெண்டு பக்கமும் திறக்கணும்.

பழங்குடி மக்களைச் சேக்கிறோம்னு அவங்களையே காட்சிப்பொருளா ஆக்கிடற ஆபத்தும் இருக்கு. தெப்பக்காட்டு யானை முகாமைப் பத்தின ஆவணப்படத்துக்கு 2023ல ஆஸ்கர் கிடைச்சப்புறம் அதுல வர்ற பொம்மன், பெள்ளி தம்பதி கூட செல்ஃபி எடுக்க வந்த கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. அதுல எத்தனை பேர் காட்டுநாயக்கர் சமூகம்னா என்ன, முதுமலை மையப்பகுதியில இருந்த ஊருங்க எங்க போச்சுன்னு கேட்டிருப்பாங்க? விளக்க மையத்துல இந்தக் காட்டுல ஆளுங்க இருந்தாங்க, இன்னும் இருக்காங்க, சிலபேரை வெளிய குடியமர்த்தினோம்னு எழுதலைன்னா அங்க கறுப்பு வெள்ளை போட்டோ, தேன்குடுவை, மூங்கில் புல்லாங்குழல் எல்லாம் எவ்வளவு வச்சாலும் அது அலங்காரம்தான். 2006 வன உரிமைச் சட்டத்துல அவங்களுக்கு என்ன உரிமை இருக்குன்னு ஒரு பலகை வச்ச விளக்க மையத்தை நான் இதுவரைக்கும் பாக்கலை.

வெளிநாட்டுல என்ன பண்றாங்கன்னும் கேட்டிருந்தீங்க. பிரிட்டன்ல 1932 ஏப்ரல்ல மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிப் பசங்க ஜமீன்தாருங்க பூட்டி வச்சிருந்த கிண்டர் ஸ்கவுட் மலையில வேணும்னே அத்துமீறி ஏறினாங்க, அஞ்சு பேருக்கு ஜெயில். 1949ல சட்டம் வந்து 1951ல அதே பீக் டிஸ்ட்ரிக்ட் அவங்களோட முதல் தேசியப் பூங்கா ஆச்சு. அப்படித் தொழிலாளிங்க போராடி வாங்கின இடத்துக்கே பின்னாடி வந்து குடியேறின ஆசிய, ஆப்பிரிக்கக் குடும்பங்க போறதில்லை, அது வெள்ளைக்காரங்க இடம்னு நினைக்கிறாங்கன்னு 2019ல ஜூலியன் குளோவர் தலைமையில அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையே சொல்லுது. அதுக்கு முன்னாடியே மொசைக்னு ஒரு திட்டம் போட்டாங்க, அந்தந்த சமூகத்துல இருந்தே ஆளைப் பிடிச்சு பயிற்சி கொடுத்து, அவங்க தங்கள் சொந்தக்காரங்க, மசூதிக்காரங்க, குழுக்காரங்களைக் கூட்டிட்டு வர்றது. பூங்கா ஆபீசர் கூப்பிட்டா வராதவங்க பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டா வருவாங்க, அவ்வளவுதான் அதோட சூத்திரம். அமெரிக்காவுல யோசமிட்டி பூங்காவுல ஷெல்டன் ஜான்சன்னு ஒரு கறுப்பின ரேஞ்சர், 1899லயும் 1903, 1904லயும் அந்தக் காட்டைக் காவல் காத்த கறுப்பின ராணுவ வீரருங்க கதையைத் தோண்டி எடுத்து, அந்தக் காலத்து யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு வீரராவே நின்னு பேசுவாரு. கறுப்பின மக்கள் ஏன் வர்றதில்லைன்னு டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்கு லெட்டர் போட்டு, அந்தம்மா 2010ல வந்து டென்ட் போட்டுத் தங்கி டிவியில காட்டினாங்க. இது எங்க தாத்தா காவல் காத்த காடுன்னு தெரியுறதுக்கும் இது யாரோ வெள்ளைக்காரன் காடுன்னு நினைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல.

இப்ப எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு பிரிச்சுச் சொல்றேன். சொல்ற ஆள் கேக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச உலகத்துல இருந்து வந்தா கூச்சம் உடையும், கேள்வி வரும், இது உறுதி, நான் திரும்பத் திரும்பப் பாத்தது, மத்த நாட்டு அனுபவமும் அதேதான். பயம், கூச்சம், நமக்கான இடம் இல்லைங்கிற நினைப்பு, இந்த மூணையும் கல்வி குறைக்கும், இதுவும் உறுதி. ஒரு நாள் டூர் கூட்டிட்டுப் போனா அந்தக் குழந்தை வாழ்க்கை பூரா காட்டை நேசிக்கும்ங்கிறது சந்தேகம். டூர் முடிஞ்ச மறுநாள் டெஸ்ட் வச்சா மார்க் ஏறித்தான் இருக்கும், அறிக்கையில அதைத்தான் போடுவாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் குழந்தை தன் குடும்பத்தோட மறுபடி வந்துச்சான்னு யாரும் போய்க் கேக்கிறதில்லை. அதனால ஒரே வகுப்பை ஒரே இடத்துக்கு வருஷத்துல மூணு தடவை கூட்டிட்டுப் போறது, மூணு வகுப்பை ஒருதடவை கூட்டிட்டுப் போறதைவிட மேல்ங்கிறது என் கட்சி. கல்வியால முடியவே முடியாததும் இருக்கு. தினக்கூலி ஆளுக்கு ஒரு நாள் காட்டுக்கு வர்றதுன்னா டிக்கெட்டோட சேத்து ஒரு நாள் சம்பளமும் போகுது. புலிகள் காப்பகத்துல மையப்பகுதியில 20 சதவீதத்துக்கு மேல சுற்றுலாவுக்கு விடக்கூடாதுன்னு 2012 வழிகாட்டுதல் இருக்கு, அது சரிதான், எல்லாரையும் உள்ள விட்டா காடு தாங்காது. அப்ப இருக்கிற கொஞ்ச இடம் யாருக்குப் போகுதுங்கிறதுதான் பேச வேண்டிய விஷயம். வார நாள்ல சஃபாரி வண்டி பெரும்பாலும் பாதி காலியாத்தான் ஓடும், அந்த சீட்டை அரசுப் பள்ளிக்கும் எஸ்டேட் குடும்பங்களுக்கும் ஒதுக்கச் சொல்லி கேக்கிறதுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

பொண்ணுங்களும் மாற்றுத்திறனாளிங்களும் பத்தி ரெண்டு வார்த்தை. ராத்திரி தங்குற முகாம்னா பொண்ணுங்களை அனுப்ப மாட்டாங்க, ஒரு அம்மாவையும் கூட வரச் சொன்னா அனுப்புவாங்க, அந்த அம்மாவும் ஒரு பங்கேற்பாளர்தான், அவங்களைச் சமையலுக்குப் போடாதீங்க. பாத்ரூம் எங்க இருக்குன்னு முதல்லயே காட்டுங்க, இல்லைன்னா பொண்ணுங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம வந்து மத்தியானம் மயங்கி உக்காருவாங்க. பார்வையில்லாத பசங்களைப் பறவை பாக்கக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு நினைக்காதீங்க, காட்டுல முக்கால்வாசிப் பறவையை நாங்களே காதாலதான் அடையாளம் காணுறோம், அதுல அவங்க நம்மளைவிட சீக்கிரம் தேறிடுவாங்க. மரப்பட்டை, விதை, பிளாஸ்டர்ல எடுத்த புலிக் கால்தடம் இதெல்லாம் தொட்டுப் பாக்கக் கொடுக்கலாம், கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் அதுதான் ரொம்பப் பிடிக்குது.

நீங்க சென்னைன்னு சொன்னதால முதுமலை, ஆனைமலைன்னு பஸ் வாடகையில ஆரம்பிக்காதீங்க. கிண்டியில ஒரு தேசியப் பூங்கா இருக்கு, ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர், மின்சார ரயில்லயும் மெட்ரோலயும் வந்து இறங்கிடலாம், இந்த வசதி இருக்கிற தேசியப் பூங்கா நாட்டுலயே ரொம்பக் கம்மி. பொதுமக்கள் சாதாரணமா பாக்கிறது முன்னாடி இருக்கிற சிறுவர் பூங்காவையும் பக்கத்துப் பாம்புப் பண்ணையையும்தான், உள்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேணும், பள்ளிக்கூடம்னு முறையா லெட்டர் கொடுத்து கேளுங்க. போறதுக்கு முந்தின வாரம் பசங்களை அவங்க வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட ஊர்ல என்ன மரம் இருந்துச்சு, எதுக்கு அதை வெட்டினாங்க, என்ன மிருகம் பாத்தாங்கன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, சென்னையில பாதிக் குடும்பம் எங்கயோ ஒரு ஊர்ல இருந்து வந்ததுதானே. உள்ள போய் வெளிமானைப் பாக்கிறப்ப அந்த நோட்டைத் திறங்க, கைடு பேச்சு அதுக்கப்புறம் வச்சுக்கலாம். நோட்ல நல்ல கதை கொண்டுவந்த பாட்டி தாத்தா யாராவது ரெண்டு பேரை அடுத்த தடவை கூடவே கூட்டிட்டு வாங்க, பேசவும் விடுங்க. அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், வன உயிரின வாரம்னு எல்லா ஸ்கூலும் அப்பத்தான் வந்து நிக்கும், ஜனவரி, பிப்ரவரியில போனா வெயிலும் இருக்காது, வாட்ச்சருங்களும் நின்னு பேசுவாங்க.